மடியில் வைத்த கால்

பிப்ரவரி 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். தலை நரைக்க ஆரம்பித்தவளைப் பாப்பா என்று எழுத எனக்குக் கூச்சம்தான். ஆனால் உன் அண்ணன் தன் தங்கைக்கு வேறு பெயர் எழுத விடமாட்டேன் என்கிறார். உன் கழுத்து வலி விட்டதா? நாள் பூராவும் தட்டச்சு மிஷின் முன்னால் குனிந்து கிடக்கிறாய். தலையணையின் உயரத்தைக் குறைத்துப் பார். ஆண்டவன் தயவில் நாங்கள் இருவரும் எழுந்து நடமாடுகிறோம்.

இராணுவ மெடிக்கல் போர்டு முடிவு வந்துவிட்டது. இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். பெரிய பெரிய டாக்டர்கள் பார்க்கப்போகிறார்களே என்று முதல் நாளே அவர் காலை வெந்நீரில் ஊற வைத்தேன். குதிகால் வெடிப்பைக் கல்லால் தேய்த்து, காய்ப்பைச் சீவி, நகம் வெட்டி, எண்ணெய் தடவிப் புது சாக்ஸ் போட்டு அனுப்பினேன். அழுக்குக் காலோடு போனால் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அவரும் சும்மா இல்லை. ஷூவில் முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டுக்கொண்டு அணிவகுப்புக்குப் போகிற மாதிரி உள்ளே போனார். "நடக்க முடியுதா?" என்று டாக்டர் கேட்டாராம். "முடியும் சார்!" என்று சொன்னாராம். வெளியே வந்து என்னிடம் அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

இப்போது வந்த தாளில் இப்படி இருக்கிறது: பாதங்களின் தோல் நல்ல நிலையில் உள்ளது, நடையில் குறை இல்லை, இராணுவப் பணியால் ஏற்பட்ட ஊனம் என்று கொள்ள இடமில்லை.

கிடங்கு வாசலில் காவலுக்கு நிற்கிறவருக்கு நாற்காலி கொடுக்க மாட்டார்கள். ஊனச் சான்று இருந்தால் உட்கார்ந்து பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதுவும் போயிற்று. ஆனால் உன் அண்ணன் நாற்காலியைப் பற்றியோ பென்ஷனைப் பற்றியோ பேசவில்லை. "பனியிலதான் இந்தக் கால் போச்சுன்னு ஒரு வரி எழுதினா என்ன குறைஞ்சு போகுது அவங்களுக்கு? நான் என்ன, பொய்க்காலை மாட்டிக்கிட்டு நடிக்கவா போனேன்?" என்றார்.

நீ வக்கீல் ஆபீசில் இருக்கிறாய். மேலே முறையிட வழி உண்டா என்று கேட்டு எழுது.

உனக்காகவும் சேர்த்து வேண்டிக்கொள்ளும்,
அண்ணி

---

பிப்ரவரி 19

அன்பு அண்ணிக்கு,

கழுத்து வலி இருக்கிறது, நானும் இருக்கிறேன். தலையணையை எடுத்தே விட்டேன். உங்களுக்கு மாலையில் கண் எரிகிறது என்றீர்களே, கண்ணாடி மாற்றினீர்களா?

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன், அப்புறம் அழுதேன். அதிகாரி முன்னால் நின்றால் அண்ணனுக்குக் கால் மட்டுமா, பல்லைப் பிடுங்கினாலும் வலிக்காது. சின்ன வயதில் அப்பா அடிக்கும்போதே "வலிக்குதாடா?" என்றால் "இல்லைப்பா" என்பான். அதற்கும் சேர்த்து இன்னும் இரண்டு விழும்.

எங்கள் வக்கீலம்மாவிடம் காட்டினேன். மேல்முறையீடு செய்யலாம், நாள் தாண்டிவிடக்கூடாது என்கிறார். பனியில் அடிபட்டபோது மலை ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு, பணியிலிருந்து விடுவித்த தாள், இந்த மறுப்புத் தாள், மூன்றையும் அனுப்புங்கள். அவன் கால் தினமும் எப்படி இருக்கிறது என்று நீங்கள் ஒரு பக்கம் எழுதுங்கள். அண்ணனை எழுதச் சொல்லாதீர்கள். "நலம்" என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்புவான்.

அவனிடம் சொல்லுங்கள், அந்த ஒரு வரியை வாங்காமல் நான் விடமாட்டேன் என்று.

உங்கள் பாப்பா

---

மார்ச் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை வழக்கம்போல நான் படிக்க அவர் கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாதா என்ன? எழுத்துக் கூட்டி நானாகக் கற்றுக்கொண்டவள் என்பதால் நான் படிப்பதைக் கேட்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அப்பா அடித்த இடம் வந்ததும் "இதையெல்லாம் மறக்கவே மாட்டாளா?" என்று சிரித்தார். அந்தத் தாள் வந்த பிறகு அன்றுதான் சிரித்தார். நீ நன்றாக இருக்க வேண்டும். கண்ணாடி மாற்றிவிட்டேன்.

தாள்கள் இத்துடன். கால் விவரம் எழுதுகிறேன்.

எல்லைக் காவலில் இருந்தபோது பனியில் மாட்டிக்கொண்டு ஈர பூட்ஸைக் கழற்றாமலே நின்றிருக்கிறார். கழற்றியபோது சாக்ஸோடு தோலும் வந்ததாம். அதிலிருந்து இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி இல்லை. விரல்கள் வளைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. வலி என்றால் கணுக்காலுக்கு மேலேதான். கீழே நெருப்பு பட்டாலும் தெரியாது. போன வருஷம் கண்ணாடிச் சில்லு ஒன்று குத்தி, அதோடு நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தார். தரையெல்லாம் இரத்தம். "யாரோ சாயத்தைக் கொட்டிட்டாங்க பாரு" என்றார் என்னிடம்!

அன்று முதல் மாலைப் பிரார்த்தனை முடிந்ததும் அவர் காலை என் மடியில் எடுத்து வைத்து விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வேன். குதிகால், உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, கழுவித் துடைத்து எண்ணெய் போடுவேன். "என்ன கணக்குப்பிள்ளை, விரல் பத்தும் இருக்கா? கணக்கு ஒத்துப்போச்சா?" என்பார். வீட்டுக் கணக்கை நான் விடாமல் எழுதுவதால் அந்தப் பெயர். கணக்கு எழுதுவதைவிட இதைத்தான் கவனமாகச் செய்கிறேன். எனக்கு இதுவும் பிரார்த்தனையில் சேர்ந்ததுதான்.

விரல்கள் எப்படி வளைந்திருக்கின்றன என்று தெரியட்டும் என்று இரண்டு பாதங்களையும் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்பியிருக்கிறேன். கூச்சமே இல்லாமல் கல் மாதிரி நின்றார்.

அண்ணி

---

மார்ச் 20

அன்பு அண்ணிக்கு,

இருவரும் நலமாக இருக்க வேண்டும். நல்ல செய்தி. மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள். மே கடைசியில் மறுபடி போர்டு. பழைய டாக்டர்கள் இல்லை, வேறு ஆட்கள். நீங்கள் வரைந்து அனுப்பிய பாதங்களை வக்கீலம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறார். இதை அண்ணனுக்கு உரக்கப் படியுங்கள்.

உள்ளே தனித்தாள் ஒன்று வைத்திருக்கிறேன். அது உங்களுக்கு மட்டும். படிக்காதீர்கள் அவனுக்கு.

பாப்பா

(தனித்தாள்)

அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள். போன தடவை காரியத்தைக் கெடுத்தது அண்ணனின் "முடியும் சார்" மட்டும் இல்லை, உங்கள் கையும்தான். தினமும் எண்ணெய் போட்டுக் குழந்தைக் கால் மாதிரி வைத்திருக்கிறீர்கள். டாக்டர் கண்ணுக்கு என்ன தெரியும்? பார்க்கிறதைத்தான் எழுதுவார்கள்.

அதனால் இன்றிலிருந்து போர்டு முடியும்வரை அவன் காலில் கை வைக்காதீர்கள். கழுவ வேண்டாம், சீவ வேண்டாம், எண்ணெய் வேண்டாம். நீங்கள் இல்லாவிட்டால் அந்தக் கால் எப்படி இருக்குமோ அப்படி அவர்கள் பார்க்கட்டும். நாம் பொய் சொல்லவில்லை, உண்மையை மூடாமல் இருக்கிறோம், அவ்வளவுதான். அண்ணனிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான், தானே உட்கார்ந்து தேய்த்துக்கொள்வான். எப்படியாவது சமாளியுங்கள். செய்வேன் என்று எனக்கு வாக்குக் கொடுங்கள்.

---

ஏப்ரல் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வாக்குக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள். ஆண்டவன் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஆனால் அவருக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. முதுகு பிடித்துக்கொண்டது, குனிய முடியவில்லை, காலைத் தூக்கி மடியில் வைத்தால் தாங்கவில்லை என்று சொன்னேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரிடம் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான். போர்டு முடிந்ததும் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

அவர் செய்வதைக் கேள். அன்றே கடைக்குப் போய்த் தைலம் வாங்கி வந்தார். தண்ணீர் வாளியை நான் தொடக்கூடாதாம். கீழிருந்து மாடிக்கு அவரேதான் சுமக்கிறார். "பட்டாளத்தார் வீட்டுக்காரம்மா ராணி ஆயிட்டாங்க" என்று எதிர்வீட்டுத் தையற்காரி கேலி செய்கிறாள். "ராணிக்கு முதுகெலும்பு முக்கியம்ல" என்று இவர் பதில் சொல்கிறார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மாலையில்தான் கஷ்டம். பிரார்த்தனை முடிந்ததும் பழக்கத்தில் காலை நீட்டுகிறார். பிறகு நினைவு வந்து மடக்கிக்கொள்கிறார். என் கை சும்மா கிடக்கிறது.

ஒன்று கேட்கிறேன், உடனே பதில் எழுது. தொடாமல், கழுவாமல், விளக்கை வைத்துப் பார்க்க மட்டும் செய்யலாமா? பார்த்தால் என் கை சும்மா இருக்குமா என்று எனக்கே சந்தேகம்தான். அதனால் உன் பதில் வரும்வரை பார்க்கவில்லை.

அண்ணி

---

ஏப்ரல் 30

அன்பு அண்ணிக்கு,

இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுவதற்கு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். ஆபீசில் இன்னொரு தட்டச்சுக்காரி வேலையை விட்டுவிட்டாள். இரண்டு பேர் வேலையும் என் தலையில். நடுவே காய்ச்சல் வேறு. இப்போது தேவலை.

அண்ணனுக்கு: இந்தத் தடவை எப்படிப் பேச வேண்டும் என்று பாடம் எழுதியிருக்கிறேன், மனப்பாடம் செய். "நடக்க முடியுதா?" என்று கேட்டால் "கொஞ்ச தூரம், அப்புறம் முடியல சார்." "வலிக்குதா?" என்றால் "கால்ல உணர்ச்சியே இல்ல சார்." சார் என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிக்கொள். முடியும் என்று மட்டும் சொல்லாதே. மார்பை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்காதே. நீ பதக்கம் வாங்கப் போகவில்லை.

கிடங்கில் நாற்காலி எந்த நிறத்தில் வேண்டும் என்று இப்போதே யோசித்து வை!

பாப்பா

(தனித்தாள்)

பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்களே அண்ணி. பார்த்தால் கை சும்மா இருக்காது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்னும் கொஞ்ச நாள்தானே, பார்க்காமலே பொறுத்துக்கொள்ளுங்கள். முதுகு வலி நல்ல யோசனை. உங்களுக்கு இவ்வளவு சாமர்த்தியமா என்று ஆச்சரியப்பட்டேன்.

---

மே 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

காய்ச்சலுக்குப் பிறகு வாய் கசக்கும், சத்தாகச் சாப்பிடு. உன் பாடத்தைப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "பாப்பாகிட்ட சொல்லு, நான் உள்ளதைத்தான் சொல்லுவேன்" என்றார்.

நீ சொன்னபடியே இருக்கிறேன்.

என் முதுகுக்கு இன்னும் ஓய்வு வேண்டும் என்று இப்போது தன் துணிகளையும் அவரே துவைக்கிறார். சாக்ஸைக் கையில் கொடுக்கவே மாட்டேன் என்கிறார். வாங்கப் போனால், "பட்டாளத்துல உன்னையா கூட்டிக்கிட்டுப் போனேன் துவைக்க?" என்று கேட்கிறார். மாலையில் காலை நீட்டுவதையும் நிறுத்திவிட்டார். வந்ததும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். இரண்டு நாளாக உடம்பு கொஞ்சம் சூடாக இருக்கிறது. வெயிலில் நிற்பதால் என்கிறார். கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன்.

போர்டு சீக்கிரம் வந்துவிட்டால் தேவலை என்று இருக்கிறது.

அண்ணி

---

ஜூலை 2

பாப்பாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் தந்தியும் வந்தன. பதில் எழுதாததற்கு வருத்தப்படாதே. எழுத உட்கார நேரம் இல்லை.

உன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார். போர்டு நல்லபடியாக முடிந்தது. இந்தத் தடவை டாக்டர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். பார்த்ததும் அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் தங்கினோம். நன்றாகக் கவனித்தார்கள்.

முடிவும் சாதகமாக வந்திருக்கிறது. வக்கீலம்மாவுக்கும் நகல் அனுப்புவார்களாம். உன் அண்ணன் கேட்ட வரி இருக்கிறது. பாதங்களின் பாதிப்பு பணியின்போது பனியால் ஏற்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள். அந்த இடத்தை மறுபடி படி, மறுபடி படி என்று கேட்டார். படித்தேன்.

வலது காலைப் பற்றி இனிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. நீ உடனே புறப்பட்டு வர வேண்டாம். ஆபீசில் ஆள் இல்லை என்றாயே, விடுப்பை வீணாக்காதே. பிறகு வரலாம். உன் கழுத்தைப் பார்த்துக்கொள்.

அண்ணி

---

ஜூலை 16

அன்பு அண்ணிக்கு,

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீசில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தேன். ஜெயித்துவிட்டோம் அண்ணி! உங்கள் பொறுமைதான் ஜெயித்தது. ஆஸ்பத்திரியில் தங்கியதைப் படித்துப் பயந்துபோனேன். நல்லவேளை, அதோடு போயிற்று. இப்போது இருவரும் தேறிவிட்டீர்களா?

அண்ணனுக்கு ஒரு பார்சல் வரும். நீங்கள் வரைந்து அனுப்பிய பாதங்களைக் கொண்டுபோய்த் தெரிந்த ஷூ தைப்பவரிடம் கொடுத்து, அந்த அளவுக்கே தைக்கச் சொன்னேன். உள்ளே தையலே இல்லை, ஆணியே இல்லை, முழுக்க மெத்தை. வளைந்த விரலுக்கென்று மேலே இடம் விட்டிருக்கிறார். இனி அவன் காலில் எதுவும் குத்தாது. போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். "நலம்" என்று ஒரு வார்த்தை எழுதினாலும் போதும்.

இனி நீங்கள் பழையபடி மடியில் வைத்துக்கொள்ளலாம். முதுகு வலி சரியாகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள்!

பாப்பா

---

ஆகஸ்ட் 1

பாப்பாவுக்கு,

நலமாக இரு.

ஷூ வந்தது. இடது கால் கச்சிதமாக இருக்கிறது. தோல் மெத்தென்று இருக்கிறது. தைத்தவர் கை நன்றாக இருக்க வேண்டும். வலதை உறையிலிருந்து எடுக்கவில்லை. அலமாரியில் வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன் உனக்கு ஆசி சொல்லச் சொன்னார்.

அண்ணி

---

ஆகஸ்ட் 9

அண்ணி,

உங்கள் கடிதமும் உத்தரவின் நகலும் ஒரே நாளில் வந்தன. எங்கள் கோப்பில் வைப்பதற்கு நகலைத் தட்டச்சு செய்வது என் வேலை. அந்த வரி வரும் வரை வேகமாக அடித்துக்கொண்டு போனேன். அதற்கடுத்த வரியில் கை நின்றுவிட்டது. "கவனிக்கப்படாத ஆழ்ந்த புண்ணினால் வலது கால் முழங்காலுக்குக் கீழ் அகற்றப்பட்டது." கவனிக்கப்படாத என்று இருக்கிறது அண்ணி. உங்களைப் போய்.

இடது கால் கச்சிதமாக இருக்கிறது என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? ஏன் என்னைத் திட்டி ஒரு வார்த்தை எழுதவில்லை? நான் பார்க்காதீர்கள் என்று எழுதாமல் இருந்திருந்தால் அவன் கால் இருந்திருக்கும். சொல்லுங்கள், இருந்திருக்கும்தானே? அண்ணனுக்குத் தெரியுமா? தெரியட்டும். நானே வந்து அவன் முன்னால் நின்று சொல்கிறேன்.

பாப்பா

---

ஆகஸ்ட் 15

என் கண்ணான பாப்பாவுக்கு,

முதலில் நீ சாப்பிடு. இதைப் பிறகு படி.

மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் நீ படிக்கிற முகம் தெரிந்தது. பேனாவை மூடிவிடுவேன். இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய ஷூவில் ஒரு ஆணி உள்பக்கமாக மேலே வந்திருக்கிறது. வாளி தூக்கிப் படியேறும்போது குத்தியிருக்கிறது. அவருக்கு எங்கே தெரியும்? சாக்ஸில் ஈரத்தைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது. ஒரு துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். அதற்காகத்தான் சாக்ஸை அவரே துவைத்தார், அதற்காகத்தான் போர்வை.

போர்டில் நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். சாக்ஸைக் கழற்றச் சொன்ன குரல் கேட்டது. பிறகு நாற்காலி நகர்கிற சத்தம். வயதான டாக்டர் ஒருவர் வெளியே வந்து, "நீங்கதான் வீட்டுக்காரம்மாவா? இந்த மாதிரிக் காலைத் தினம் பார்க்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையாம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருக்கலாம்.

ஆபரேஷனுக்கு முன்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "உனக்கு முதுகு முடியல. புண்ணுன்னு சொன்னா உடனே குனிவே. அதான் சொல்லல. திட்டாதே." சொல்லிவிட்டுக் கையை நீட்டி என் முதுகைத் தடவிக் கொடுத்தார் பாப்பா. என் முதுகில் ஒன்றும் இல்லை. அவர் தடவிக்கொண்டே இருந்தார்.

போர்டு முடிந்ததும் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று எழுதியிருந்தேனே. இனி எப்படிச் சொல்வது? முதுகு வலி பொய் என்றால் அவர் வாளி சுமந்ததும் பொய்க்காக, மறைத்ததும் பொய்க்காக, காலைக் கொடுத்ததும் பொய்க்காக என்று ஆகிவிடும். இப்போது எனக்காகப் பொறுத்துக்கொண்டோம் என்ற நினைப்பு ஒன்று அவரிடம் இருக்கிறது. அதையும் நான் எடுத்துவிட்டால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார்?

உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ உன் அண்ணனுக்காகச் சொன்னாய். நான் உன்னிடம் கேட்காமலே விளக்கை ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும். கணக்கு எழுதத் தெரிந்தவள்தான், இதை யார் பேரில் எழுதுவது என்று தெரியவில்லை. ஆண்டவனிடம் கொடுத்துவிட்டேன்.

கால் இருந்திருக்குமா என்று கேட்டிருக்கிறாய். அதை நீயும் கேட்காதே, நானும் கேட்கவில்லை.

மாலையில் பிரார்த்தனை முடிந்ததும் இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். பழக்கம் விடவில்லை, வலதையும் சேர்த்தே நீட்டுகிறார். முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாக விழுகிறது. "கணக்கு ஒத்துப்போச்சா?" என்று இப்போது கேட்பதில்லை. வேறு ஒன்று கேட்கிறார். "குனியறியே, முதுகு எப்படி இருக்கு?" பரவாயில்லை என்று சொல்கிறேன். தினமும் கேட்கிறார். தினமும் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்தால் படித்துக் காட்டச் சொல்லி ஆவலாக உட்காருகிறார். போன கடிதத்தை நான் பாதிக்கு மேல் நானாக இட்டுக்கட்டிப் படித்தேன். அப்போது ஒன்று கேட்டார். "எனக்குக் கால் போனதை விசாரிச்சிருக்கா, சரி. உன் முதுகைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலையே பாப்பா? உன்னைப் பத்திக் கவலையே இல்லையா அவளுக்கு?" என்று உன் மேல் கோபித்துக்கொண்டார்.

அதனால் எனக்காக ஒன்று செய். வந்து நிற்கிறேன், சொல்கிறேன் என்று கிளம்பாதே. வருவதானால் அண்ணனைப் பார்க்க வருகிற தங்கையாக வா. அதற்கு முன்னால் ஒரு கடிதம் போடு. என் முதுகைப் பற்றி விசாரித்து எழுது.

உன் அண்ணி

---

ஆகஸ்ட் 24

அன்பு அண்ணிக்கு,

முதலில் உங்கள் முதுகு வலி இப்போது எப்படி இருக்கிறது? போன கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும். பதற்றத்தில் மறந்துவிட்டேன். அண்ணன் என்னைத் திட்டியிருப்பான், திட்டட்டும். வாளி தூக்காதீர்கள். அண்ணன் வாங்கி வந்த தைலத்தை விடாமல் தடவுங்கள். தலையணை உயரத்தையும் குறைத்துப் பாருங்கள். எனக்குக் கழுத்து அப்படித்தான் சரியானது.

அண்ணா, உத்தரவை நானே தட்டச்சு செய்தேன். அந்த வரியை ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். இனி யாரும் அதை இல்லை என்று சொல்ல முடியாது. அண்ணியைப் பார்த்துக்கொள். தனக்கு எங்கே வலிக்கிறது என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள்.

வருகிற மாதம் விடுப்பு கேட்டிருக்கிறேன். வந்து அண்ணிக்கு முதுகு பிடித்து விடுகிறேன்.

இந்த உறையில் தனித்தாள் எதுவும் இல்லை அண்ணி. முதலிலிருந்து கடைசி வரை அண்ணனுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் பாப்பா